முள் எடுத்த மீன்

ரிங்லெட் ஊர்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் எனக்கு மீன் ஞாபகம்தான் வருகிறது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வேளையும் கிழங்குதான். தோட்டப் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்த தாத்தா, நான் சாப்பிட உட்கார்ந்ததும் சிலேட்டில் ஒரு மீன் துண்டை முள்ளோடு வரைந்து தட்டருகே வைத்து, ஒவ்வொரு முள்ளாக விரலால் அழித்துவிட்டு, "முள்ளெல்லாம் எடுத்துட்டேன் பாப்பா, பயப்படாம சாப்புடு" என்பார். நான் கிழங்கை அதில் தொட்டுத் தொட்டுத் தின்று முடிக்கையில் மீனும் தீர்ந்திருக்கும்.

அவருடைய ஒரே மகனான என் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிப்போன அன்றும் தாத்தா மீன் வரைந்தார். முள்ளை மட்டும் அழிக்காமல், லோரி போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே அழித்துவிட்டு, சிலேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"முள்ளெல்லாம் எடுத்துட்டேன் தாத்தா. நீங்க சாப்புடுங்க."