மூன்று மாதம் என்று எழுதினேன்

ஈஜிபுரா வீடு எனக்கு ஒன்பதாவது வாடகை வீடு. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சைட் முடிந்தால் ஊர் மாறுவேன். முடியாமலும் சில சமயம் மாறியிருக்கிறேன். ஒரே தெருவை ஆறு மாதம் பார்த்தால் எனக்குக் கால் பரபரக்கும். ஏழாவது முடிப்பதற்குள் நான்கு பள்ளிக்கூடங்களிலிருந்து ஓடியவன் நான்.

என் மகளுக்கு ஏழு வயது. திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுவாள். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். தனியார் கிளினிக் ஒன்றுக்கு மூன்று வாரம் கூட்டிப் போனோம். போய் வர அரை நாள். மூன்றாவது லீவுக்கே என் மனைவியின் சூப்பர்வைசர் முகத்தைக் காட்டினார். நிறுத்திவிட்டோம்.

பிறகு அந்தக் கிளினிக்கின் பேச்சுப் பயிற்சி மேடமே செவ்வாய்க்கிழமைதோறும் மகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு வருவதாகப் பேச்சு வந்தது. பெற்றோர் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். கமிட்டியில் இருந்த ஆட்டோக்காரர் எழுந்தார்.

"இன்னைக்குப் பேச்சு கத்துக்குடுக்கன்னு பிரைவேட்டை உள்ள வுடுவோம். நாளைக்கு ரசீது புக்கோட வருவாங்க."

எனக்கும் அதே சந்தேகம்தான். தலைமையாசிரியை கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: "அண்ணா, நமக்கு டிரில் மாஸ்டரே இல்ல. பேச்சுக்குத் தனி டீச்சரை சர்க்கார் எப்போ அனுப்பும்னு சொல்லுங்க, காத்திருக்கேன்."

ஆட்டோக்காரர் உட்கார்ந்தார். பெற்றோரிடம் காசு கேட்கக் கூடாது, அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஆறு பிள்ளைகள் மட்டும் என்று முடிவானது.

சம்மதப் படிவம் கன்னடத்தில் இருந்தது. வகுப்பு டீச்சர் படித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த விலாசத்தில் இன்னும் எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று ஒரு கேள்வி. சைட் முடிய மூன்று மாதம். அதையே எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து பெயர்களைத்தான் கூப்பிட்டார்கள், என் மகள் பெயர் இல்லை. மறுநாள் பள்ளிக்குப் போய், வகுப்பு டீச்சரிடம் அந்தப் பேச்சுப் பயிற்சி மேடத்துக்குப் போன் போடச் சொன்னேன்.

"ஒரு வருஷம் வேணும் சார். பாதியில விட்டா முன்னைவிட மோசமா வாயை மூடிக்குவாங்க. இங்கேயே இருக்கற பிள்ளைக்கு அந்த இடம் உதவும்." பிறகு சொன்னார்: "பேர் கூப்பிடலைன்னாலும் உங்க பொண்ணு கையைத் தூக்கிட்டே நின்னா. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த இடத்தை வெச்சிருக்கேன்."

மனைவியிடம் சொன்னேன். "வாழ்க்கையில உண்மை எழுத உனக்கு அந்த பேப்பர்தான் கெடைச்சுதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போய், படிவத்தில் மூன்று மாதத்தை அடித்துவிட்டு ஒரு வருடம் என்று எழுதினேன். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நிஜமா, இல்ல பேப்பருக்கா?"

"தெரியல மேடம். ஆனா இருப்பேன்."

சைட் முடிந்ததும் மேஸ்திரி கூப்பிட்டார். ஹூப்ளியில் பெரிய மால், எட்டு மாத வேலை. எனக்கு அந்த ஊர் தெரியாது. முன்பென்றால் அது போதும், பெட்டியைக் கட்டியிருப்பேன்.

"வர முடியாதுண்ணே. செவ்வாய்க்கிழமை இருக்கு."

"உனக்கென்னடா செவ்வாய்க்கிழமை, விரதமா?" என்று சிரித்துவிட்டு வேறு ஆளைக் கூட்டிப் போனார்.

இப்போது ஆஸ்டின் டவுனில் பழைய பாத்ரூம்களை உடைத்துப் புதிதாக ஒட்டுகிறேன். சின்னச் சின்ன வேலை, எரிச்சலாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு நிற்கிறேன். மகள் அட்டெண்டன்சுக்கு இன்னமும் கையைத்தான் தூக்குகிறாள். பேச்சு அறையில் மட்டும் முயற்சி செய்கிறாளாம்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக் காம்பவுண்டைச் சுற்றி நடக்கிறேன். கதவு திறந்திருப்பதால் சத்தம் வெளியே வரும். நேற்று அவள் முதல் எழுத்தில் நின்றுவிட்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் மூலை திரும்பி, பின்பக்கச் சுவரைக் கடந்து, மறுபடி கேட்டுக்கு வந்தேன். இன்னும் அதே எழுத்துதான். இன்னொரு சுற்று நடந்தேன்.