லண்டன் கம்பும் மடுல்சீமை ஆசாரியும்

பில்லியர்ட்ஸ் கம்பு செய்யறவன் பொழைப்பு இருக்கே, பேரு போடாம செஞ்சா லண்டன்காரன் செஞ்சதும்பாங்க, பேரு போட்டா வாங்கவே மாட்டாங்க. நம்ம வேலைக்கு அடுத்தவன் பேரு வாங்குறதைப் பார்த்துப் பல்லைக் கடிச்சவங்க எல்லாரும் வாங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்.

நானா கடையிலே

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துல நான் பேக்டரி ஆசாரி. எங்க பழைய துரைக்கு ஒரு கம்பு செஞ்சு கொடுத்தேன். கருங்காலி அடி, கை பட்டா வழுக்கும். அவர் சீமைக்குக் கப்பல் ஏறினதும், விட்டுட்டுப் போன சாமானெல்லாம் பதுளைக் கடைவீதிக்கு, காசிம் நானா கடைக்கு வந்துச்சு. ஆணி வாங்கப் போன எடத்துல பார்த்தா, கண்ணாடி அலமாரிக்குள்ள என் கம்பு!

"நானா, இது நான் செஞ்சதுங்க"ன்னேன். நானா சுத்திமுத்திப் பார்த்துட்டு என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுங்க ஆசாரி, லண்டன் கம்புன்னு இப்பதான் ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

யார் செஞ்சது?

அந்த ஒருத்தர், பதுளை கிளப்புக்குத் தலைவரா இருந்த துரை. அந்தக் கம்பு கைக்கு வந்த பிறகு அவர் தோத்ததே இல்லை. ஒரு நாள் அது நாற்காலிக் கால்ல மாட்டி முறிஞ்சு போச்சு. அப்புறம் எந்தக் கம்பைத் தொட்டாலும் தோல்விதான். செஞ்சவன்கிட்டயே இன்னொண்ணு வாங்கலாம்னா, கம்புல பேரு இல்லை. லண்டன்ல கேட்டா, எங்களது இல்லேன்னுட்டாங்க.

"இதைச் செஞ்சவன் வந்தா கிளப்புல வேலையும் வீடும் தர்றேன்"னு துரை சொன்னார். வீடுங்க! தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகி ஒழுகி என் சம்சாரம் மேரிக்கு இருமல் நிக்காத காலம் அது. விழுந்தடிச்சு ஓடி, "நான்தாங்க செஞ்சேன்"னேன். துரைமாரெல்லாம் சிரிச்சாங்க. கிளப்பு பட்லர் அவங்களையும் மிஞ்சிட்டான்.

"வீடு குடுத்தா இந்த மேசையும் நான்தான் செஞ்சேன்னு சொல்லுவியே!"

அறுத்துப் பாருங்க

எனக்கு வந்துச்சே கோவம்! "முறிஞ்ச கம்புதானே துரை, அடியை அறுத்துப் பாருங்க. தேயிலைப் பெட்டி ஈயத்தகட்டைச் சுருட்டி உள்ள வச்சிருக்கேன். எடை போதலைன்னு எங்க லயத்துக் கதவோட உடைஞ்ச கீலையும் திணிச்சேன்"னேன். துரை, கம்பை வித்த நானாவையும் வரச் சொன்னார். "கீல் இல்லேன்னா நீ இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது"ன்னு என்கிட்ட சொன்னார்.

ரம்பத்தை நானே எடுத்தேன். ஈயச் சுருள் வந்துச்சு, கொஞ்சம் தேயிலைத் தூள் கொட்டிச்சு, அப்புறம் டங்குன்னு விழுந்துச்சு கீல். பட்லரே குனிஞ்சு அதை எடுத்துத் துரைகிட்ட நீட்டினான். துரை என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அன்னைக்கு நான் நிமிர்ந்த மாதிரி வாழ்க்கையில நிமிர்ந்ததே இல்லை. மூலையில வேர்த்துக்கிட்டு நின்ன நானா ஒரே பாய்ச்சலா முன்னால வந்தார்.

"நான் அப்பவே சொன்னேனே, இது நம்ம ஆசாரி கை!"

புதுக் கம்பு

ஒழுகாத வீட்டுல மேரி அடுப்பு பத்த வச்சா. நான் துரைக்குப் புதுக் கம்புக்கு மரம் பார்த்தேன். எடைக்கு இந்தத் தடவை நல்ல ஈயமாவே ஊத்திடலாம்னு போய்ச் சொன்னேன். துரைக்கு மூஞ்சி சிவந்து போச்சு.

"லயத்துக் கதவுக் கீல்தான் வைக்கணும், இல்லேன்னா எனக்குக் கம்பே வேணாம்!"

மத்த துரைமாரும் அதையே கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்பப் பதுளையில நல்ல கம்பு ஒவ்வொண்ணுலயும் ஒரு கீல் இருக்கு, மடுல்சீமை லயத்துக் கதவுங்களைத்தான் கயித்தால கட்டி வச்சிருக்காங்க.