கண்ணாடி அறைக்குள் வைத்த பொட்டு

இந்த வருட ஆயுத பூஜைக்கு மகள் தன் லேப்டாப்பைத் துடைத்து, திறந்தபடியே பலகைமேல் வைத்து, குங்குமக் கிண்ணத்தில் விரலை விட்டாள். நான் சமையலறையிலிருந்து கத்திவிட்டேன்.

"கண்ணு, தொறந்து வெச்சுப்போட்டுப் பொட்டு வெக்காத! மூடு மொதல்ல!"

பேசுவதற்கே யோசிக்கிற ஆள் நான். பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்று சொல்ல இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் அஸ்தம்பட்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினால்? மகள் சிவந்த விரலைத் தூக்கியபடி நின்றாள்.

"ஏம்மா, ஒரு பொட்டுத்தானே? என்னமோ பாம்பப் பாத்த மாதிரி அலறுறீங்க?"

குங்கும வாசமும் பிளாஸ்டிக் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் நான் ஜன்னலைத் திறக்கப் போய்விடுவேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் இந்த வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறது நான்தான். பேங்குக்காரர்களைவிட இந்தப் பெட்டிகள் எனக்குப் பிடிக்கும். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று அவை கேட்பதில்லை. ஒரே தப்பை ஐம்பது தடவை செய்தாலும் ஐம்பத்தோராவது தடவையும் முதல் தடவை மாதிரியே பொறுமையாக நிற்கும். கட்டின புருஷனிடம் இந்தக் குணம் இருந்ததா? பிரிண்டர் மட்டும் வேறு ஜாதகம். கெஞ்சினால்தான் வேலை செய்யும், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. அப்புறம் இந்தக் காலை வணக்க ரோஜாப்பூப் படங்கள். அனுப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்றும் வராத நாளில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மட்டும் ஏழு வந்திருந்தால் காபி கசக்கிறது, அவ்வளவுதான்.

பொறாமை எனக்குக் கூடவே பிறந்தது. ஆனால் அது முழுசாக வளர்ந்தது வெண்ணந்தூரில், ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய்ப் பத்து வருஷமாகியிருக்கும். ஒரு நூல் குடோனுக்கு மேல்மாடியில் டிசைன் சென்டர் ஒன்று திறந்தார்கள். சேலைக் கரையில் வருகிற மயில், மாங்காய், அன்னம் எல்லாவற்றுக்கும் தறியில் தொங்குகிற ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும் அல்லவா? அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போடுவதும் அட்டையில் ஓட்டை அடிப்பதும் அங்கே நடந்தது. அடித்து வருகிற அட்டைகளை வரிசை மாறாமல் நூலால் கோர்ப்பது எங்கள் வேலை. நாங்கள் ஐந்து பெண்கள், தரையில் பாய் விரித்து, மொட்டை மாடித் தகரத்துக்குக் கீழே. கம்ப்யூட்டர் கண்ணாடி அறைக்குள்ளே, ஏசியில்.

"அந்தப் பொட்டிக்கு வேர்க்குமாம், அதுக்கு ஏசி. நமக்கு வேர்த்தா வெசிறிக்கோணுமாம், அட்டையில" என்பாள் ருக்குமணி. எங்கள் ஐவரில் வாய் அவளுக்குத்தான். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தவள் விஜயா. ஆட்டையாம்பட்டிப் பெண், பத்தாவது பாஸ், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்ட ஒரே மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன். அரக்குக் கலர் ஸ்வெட்டர். மத்தியானம் சோற்றுப் போசியோடு வெளியே வந்து, கையைத் தேய்த்துக்கொண்டே எங்களோடு உட்காருவாள்.

"உள்ள ஒரே குளுருங்க்கா. வெரலெல்லாம் வெறைச்சுப் போச்சு."

அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்காது. குளிருகிறதாம்! முதுகில் வேர்வை ஓடுகிற ஐந்து பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு!

அவள் உள்ளே போகும்போது கதவு ஒரு நிமிஷம் திறந்திருக்கும். அப்போது நான் நூல் கண்டு எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போவேன். குளிர்ந்த காற்றும் புதுப் பிளாஸ்டிக் வாசமும் முகத்தில் படும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாய் ஒரு மயில் நிற்கும். பார்த்துப் பார்த்தே ஒரு கட்டத்துக்கு ஒரு ஓட்டை என்பதை நான் பிடித்துக்கொண்டேன். கழுத்து வளைவில் ஒரு கட்டம் அதிகம் என்று ஒரு நாள் கண்டும் பிடித்தேன். சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் விஜயாவே அதைக் கண்டுபிடித்து அழித்தாள். அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவளுக்கு என்மேல் பிரியம். ஒரு தடவை ஒரு பிளாப்பியைக் கையில் எடுத்துவந்து காட்டினாள். கறுப்பாய், சதுரமாய், கல்யாணப் பத்திரிகை மாதிரி மெல்லிசாய் இருந்தது. கீழே நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்குள் பழுப்பாய்ப் பளபளவென்று ஏதோ தெரிந்தது.

"நம்ம மயிலெல்லாம் இதுக்குள்ளதாங்க்கா இருக்குது. இந்தத் தொறப்புல மட்டும் கை பட்டரக் கூடாது."

நான் தலையாட்டினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தலையாட்டினேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முதலாளி, பெண்கள் எல்லோரையும் உள்ளே விட்டார். செருப்பை வெளியே விட்டு, சந்தனத் தட்டோடு ஒவ்வொருத்தியாகப் போய்ப் பிடித்த சாமானுக்குப் பொட்டு வைக்கலாம். ருக்குமணி நேரே ஏசிக்கு வைத்தாள். "இனிமேலாச்சும் இந்தப் பக்கமும் வீசு சாமி" என்று கும்பிட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே பூசணிக்காய் உடைக்கக் கீழே இறங்கினார்கள். கூச்சத்தில் தயங்கித் தயங்கி நின்ற நான் கடைசியாகத் தனியே உள்ளே போனேன்.

திரை, விசைப்பலகை, அட்டை அடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் முன்னால் போனவர்கள் பொட்டு வைத்திருந்தார்கள். விஜயாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இழுப்பறையில் விஜயா எடுக்க மறந்த சாவி தொங்கியது. திறந்தால் பிளாப்பிகள். மயில் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு வெறும் பெட்டிக்குப் பொட்டு வைத்தால் சாமி எப்படி ஏற்கும் என்று தோன்றியது. உறையிலிருந்து மூன்றை எடுத்து, நெற்றி மாதிரித் தெரிந்த அந்தத் திறப்பில், ஈரச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, உறைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

பக்தி என்று சொன்னால் நம்புவீர்களா? அன்று எனக்கே நம்பிக்கை இருந்தது. ஆனால் கை பட்டரக் கூடாது என்று அவள் சொன்னதும் அப்போது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

விஜயதசமி கழிந்து அறையைத் திறந்தார்கள். விஜயா பிளாப்பியைப் போட்டதும் மிஷின் கரகரவென்று அரைத்தது. வெளியே எடுத்தால் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கல்யாணப் பட்டுக்கு ஒரு மாதமாய் அவள் போட்ட டிசைன் மூன்று பிளாப்பியோடும் போயிற்று.

"ஆருடி இதுக்குப் பொட்டு வெச்சது?" முதலாளி கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கத்தினார்.

"நான் வெக்கலீங்க" என்றாள் விஜயா.

"சாவி உன்ற கிட்ட. நீ வெக்கலீன்னா சாமியே எறங்கி வந்து வெச்சுக்கிச்சா?"

"பத்தாவது படிச்ச புள்ளைக்கு இது தெரியலையே" என்று ருக்குமணி முணுமுணுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் என்று சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

முதலாளி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். விஜயா ஸ்வெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணாடி தடுத்ததால் சத்தம் வெளியே வரவில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது. நான் கோர்த்துக்கொண்டிருந்த அட்டை வரிசை மாறிப்போய், பிரித்து மறுபடி கோர்த்தேன்.

மறுநாளிலிருந்து அவளை வெளியே எங்களோடு அட்டை கோர்க்க உட்காரவைத்தார்கள். உள்ளே முதலாளியின் மச்சான் வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி எனக்கு வரும் என்று எந்தப் பைத்தியக்காரியும் நினைக்க மாட்டாள். நான் நினைத்தேன். விஜயா என் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, முடிச்சுப் போடத் தெரியாமல் விரலைக் கீறிக்கொண்டாள். தை பிறந்ததும் அவளைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். கொஞ்சம் குண்டாக, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்ன, கையில் பேத்தியோடு இருந்தாள். பந்திக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"விஜயா, அந்தப் பிளாப்பிக்குப் பொட்டு வெச்சது நாந்தான்."

"எந்தப் பிளாப்பிங்க்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, இழுப்பறை, முதலாளி திட்டினது, மூன்று மாதம் வெளியே உட்கார்ந்தது. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

"அப்பிடியாங்க்கா? எனக்குச் சுத்தமா நெனப்பில்லீங்க. அங்க ருக்குமணியக்கா பேசிச் சிரிச்சதுதான் நெனப்பிருக்குது. அப்பிடிச் சிரிச்சு நாளாச்சுங்க." பேத்தியின் சட்டையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். "எந்திரிங்க்கா, எலை போட்டுட்டாங்க."

திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகப் போயிருந்தேன். மன்னித்தால் அழவும் தயாராக இருந்தேன். இரண்டுக்கும் வேலையில்லாமல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் எதிர்வரிசையில் ரசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிப்போட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த மறதியைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த மாடியில் இப்போது மெத்தைக் கடை. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். பிளாப்பி எப்படி இருக்கும் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. ருக்குமணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதது இப்போது அழுதவளிடமே இல்லை. வெளியே உட்கார்ந்து பார்த்த என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.