இந்தான்னு சொன்னா

எங்க தெருவுல எவனாவது எதையாவது சும்மா கொடுத்தா, வாங்கறதுக்கு முன்னாடி அவன் மூஞ்சியை ஒரு தடவை நல்லாப் பாத்துக்குவோம். காரணம் இல்லாம இல்லை. திருவொற்றியூர்ல எங்க பின்தெருவுல ஒரு வூட்டு நாய்க்கு ஒருத்தன் டீக்கடைப் பொறை ரொட்டியை வாங்கி ஒரு வாரம் போட்டான். நாய் அவனைக் கண்டாலே வாலாட்டுற அளவுக்குப் பழகிடுச்சு. எட்டாம் நாள் அந்த வூட்டுல எல்லாரும் வெளிய போயிருந்த நேரம் பாத்து பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சீர்ல வந்த தவலைன்னு மூட்டை கட்டிட்டான். நாய் ஒரு சத்தம் போடலை. அவனைத் தெருமுனை வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிட்டு வந்துச்சாம். நாய் இவ்ளோ ஆசையாப் போவுதே, சொந்தக்காரனா இருப்பான்னு நெனச்சு எதிர்வூட்டுக்காரங்க பேசாம இருந்துட்டாங்க. அறுபத்தெட்டோ அறுபத்தொம்பதோ, அந்த வருஷம் பூரா நாய்க்குத் தீனி போடற எவனைப் பாத்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான்.

அந்த நேரத்துலதான் எங்க வரிசை வூட்டுல கடைசி ரூமுக்கு ஒரு ஆளு குடிவந்தாரு. கப்பல்ல சமையக்காரரா இருந்து வேலையை வுட்டவரு. அம்பது வயசு இருக்கும். பொண்டாட்டி புள்ளைன்னு யாரையும் காணோம். கூட வந்தது ஒரு தகரப் பொட்டியும் நாலு பெரிய கரண்டியும். ஒத்த ஆளுக்கு எதுக்கு நாலு கரண்டின்னு அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

எங்களுக்கு ஒரு நாய் இருந்துச்சு. செம்மண் நிறம், ஒரு காது பாதி கிடையாது. பேரும் கிடையாது. ஊர்ல இருக்கிற நாய் எல்லாத்தையும் கூப்பிடற மாதிரி 'தோ, தோ'ன்னுதான் கூப்பிடுவோம். எங்க வூட்டுக்காரருக்கு ஹார்பர்ல மூட்டை தூக்கற வேலை. எப்போ போவாரு எப்போ வருவாருன்னு அவருக்கே தெரியாது. நான் காத்திவாக்கம் போய் மீனு வாங்கியாந்து, உப்பு போட்டு, வாசல்ல பாய் விரிச்சுக் காயவெச்சு, கருவாடு விப்பேன். காக்காவும் பூனையும் கிட்ட அண்டாம காவல் இருந்தது அந்த நாய்தான். எனக்கு ரெண்டு புள்ளை பொறந்து ரெண்டும் தங்கலை. அதுக்கப்புறம் நான் எழுந்தா எழுந்து, நான் உக்காந்தா உக்காந்து, என் கூடவே கெடந்தது அது ஒண்ணுதான். அது இல்லாத வாசலை என்னால நெனச்சுப் பாக்க முடியாது.

அதுக்கு ஒரே ஒரு கெட்ட புத்தி. கம்பெனி சங்கு ஊதி ஷிப்டு வுட்டா தெரு கொள்ளாம சைக்கிள் வரும். அதுங்க பின்னாடி பாயும். ஒருநாள் ஒருத்தரு டிபன் கேரியரோட விழுந்து மணிக்கட்டு பிசகிப் போச்சு. வரிசை வூட்டுக்கே ஓனரம்மா, மாடியில இருக்கறது, எங்க வாசல்ல வந்து இடுப்புல கை வெச்சுகினு நின்னுச்சு. "இன்னொரு தபா சைக்கிள் மேல பாஞ்சுதுன்னு கேட்டேன், நாய் வண்டிக்காரன்கிட்ட புட்ச்சுக் குட்த்துருவேன். அப்பால ஏங்கிட்ட வந்து அழுவக் கூடாது" அப்படின்னுச்சு. தெரு நாயைப் புடிச்சுகினு போற முனிசிபாலிட்டி வண்டி அது. அதுல ஏறின நாய் திரும்பி வந்ததா எங்க தெருவுல ஒருத்தரும் சொன்னதில்லை.

மறுநாள் கடைசி ரூம் ஆளு வந்தாரு. "தங்கச்சி, நாயை நா பழக்கி வுடறேன். ஒரு மாசம் டைம் குடு. அடி ஒதை எதுவும் வாணாம்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு நைனா இந்த பேஜாரு?"

"சும்மாதான்."

அந்த 'சும்மா'தான் எனக்கு ஒத்துக்கலை. ஆனா எனக்கு வேற வழி இல்லை. சரின்னு தலையாட்டிட்டு, ஒரு கண்ணு கருவாட்டு மேலயும் ஒரு கண்ணு அந்தாளு மேலயும் வெச்சேன்.

அவரு ஒரு பொகையில டப்பாவுல ஈரலை வேகவெச்சு, நகம் சைஸுக்கு நறுக்கிப் போட்டு எடுத்தாருவாரு. ஒரு நாள் டப்பாவைத் திண்டு மேல வெச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனாரு. நான் சட்டுனு ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுகினேன். விஷம் வெச்சிருந்தா நாய்க்கு முன்னாடி எனக்குத் தெரியட்டும்னு ஒரு வெறி. ஈரல்ல உப்பே இல்லை. கப்பல்ல சமைச்சவனுக்கு உப்பு போடத் தெரியாதா, எதையோ மறைக்கத்தான் உப்பு போடாம வுட்டிருக்கான்னு அன்னிக்குப் பொழுது பூரா வயித்தைத் தடவித் தடவிப் பாத்துகினு இருந்தேன். ஒண்ணும் ஆவலை. நாய்க்கு உப்பு ஆவாதுன்னு அப்புறம் அவரே யார்கிட்டயோ சொல்லிகினு இருந்தாரு.

பழக்கின விதத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அதைத் தெருவே வேடிக்கை பாத்துச்சு. ஈரல் துண்டை நாய் மூக்குக்கு மேல கொண்டாந்து மெதுவா பின்னால தள்ளுவாரு. அது அண்ணாந்து பாத்துகினே பின்னங்காலை மடக்கும். பொச்சு தரையில பட்ட அந்த நிமிஷமே "குந்து"ன்னுட்டு வாயில போட்டுருவாரு. லேட்டாக் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குத் தெரியாதாம். ரெண்டு நாள்ல 'குந்து'ன்னா குந்துச்சு. நாய்க்கு இங்கிலீஷ்லதான் சொல்லணும், 'சிட்'டுன்னு சொல்லுன்னு டீக்கடையில ஒருத்தர் சட்டம் பேசினாரு. "இது எந்த இஸ்கூலுக்குப் போச்சு, சிட்டுன்னா தெரியறதுக்கு?"ன்னு இவரு கேட்டதோட அந்தப் பேச்சு நின்னுச்சு. என்ன, கருவாடு வாங்க வந்த ஒரு அக்காவை நான் "குந்துக்கா"ன்னேன். நாயும் பக்கத்துல டக்குனு குந்திட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு. அந்தக்கா ஒரு வாரம் எங்கிட்ட கருவாடு வாங்கலை.

அடுத்தது, கூப்பிட்டா வர்றதுக்குப் பழக்கினாரு. 'தோ தோ'ன்னா தெருவுல இருக்கிற எல்லா நாயும் வரும், இதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வேணும்னு சொல்லி, 'இந்தா'ன்னு வெச்சாரு. குடுக்கும்போது எல்லாரும் சொல்ற வார்த்தை தானே. 'இந்தா'ம்பாரு, ஓடியாரும், ஈரல். எவ்ளோ தூரத்துல இருந்தாலும் ஓடியாரும். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க தெருவுல பொண்டாட்டி புருஷனை வேற எப்படிக் கூப்பிடுவா? பேரைச் சொல்ல முடியுமா? நான் எங்க வூட்டுக்காரரை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவேன். பக்கத்து வூட்டுலயும் 'இந்தா'தான், எதிர்வூட்டுலயும் 'இந்தா'தான். ஒரு நாளைக்கு அம்பது 'இந்தா' தெருவுல பறக்கும். நாய் ஒவ்வொரு 'இந்தா'வுக்கும் எழுந்து ஓடி, ஒண்ணும் கிடைக்காம வாலைத் தொங்கப் போட்டுகினு திரும்பி வந்துச்சு.

அவரு எங்கிட்ட வந்து, "தங்கச்சி, தெருவுல கீறவங்க வாயை நா மூட முடியாது. நீயாவது வூட்டுக்காரரை வேற மாரி கூப்புடேன். இந்தான்னு சொன்னா கையில இன்னாவாது இருக்கணும். இல்லாங்காட்டி அது நம்பாது"ன்னாரு.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்தக் கோவம். "ஏம் புருஷனை நா எப்டி கூப்புடணும்னு நீ இன்னா சொல்றது?"ன்னு கேட்டேன். 'நீங்க' போட்டுப் பேசிகினு இருந்த ஆளை 'நீ'ன்னு கேட்டுட்டேன். மொதல்ல நாயை வளைச்சான், இப்போ புருஷன் பொண்டாட்டி பேச்சுல மூக்கை நுழைக்கிறான், அடுத்தது என்னான்னு மனசு அடிச்சுகினு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு, "மீனு வாங்க எந்நேரத்துக்குப் போவே? நாய் மட்டும் தனியா எப்போ இருக்கும்?"ன்னு வேற கேட்டாரு. பின்தெரு அண்டாவும் தவலையும் என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

அதுக்கு மறுநாள் காத்திவாக்கத்துல மீன் படலை. போன வேகத்துல வெறுங்கூடையோட திரும்பி வந்துகினு இருந்தேன். தூரத்துலயே பாத்துட்டேன். எங்க வாசப்படிகிட்ட அந்தாளு நிக்கறாரு. நாய் படி மேல குந்திகினு இருக்குது. ஒரு குரைப்பு இல்லை. அவரு நாலு அடி பின்னால போறாரு, வர்றாரு, மறுபடி பின்னால போறாரு. நாய் அசையாம பாத்துகினே இருக்குது.

கூடையைத் தெருவுலயே போட்டுட்டு, "எவன் வூட்டு வாசல்ல இன்னா பண்ணிகினு கீற?"ன்னு கத்தினேன். தெரு கூடிடுச்சு. "சங்கு ஊதற நேரத்துல படியை வுட்டு எறங்காம குந்தி இருக்கப் பழக்கிகினு கீறேன் தங்கச்சி. நீ இருந்தா அது ஒன்னையே பாக்கும், அதான்"னாரு. நான் நம்பலை. உள்ள போய் அண்டா குண்டா எல்லாம் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு. இருந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கலை. இவன் கையால தின்னுட்டு எனக்குத் துரோகம் பண்ண நாய்னு கோவம் அது மேல திரும்புச்சு. கிட்ட வர பயந்து அது தள்ளி நின்னுச்சு.

வாசல்ல குனிஞ்சு, கையை நீட்டி, "இந்தா"ன்னேன்.

ஓடியாந்துச்சு. வந்து தானாவே குந்துச்சு. கழுத்தைப் புடிச்சு, தொடப்பக்கட்டையால போட்டுச் சாத்தினேன். அப்புறம் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில கட்டினேன். அந்தாளு தடுக்கலை. டப்பாவை மூடிகினு, "அடிச்சது கூடப் பெர்சில்ல தங்கச்சி. இந்தான்னு சொல்லிட்டு அடிச்ச பாரு, அதான்"னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டாரு. போடா, பெரிய கவர்னருன்னு நான் முணுமுணுத்தேன்.

நாய் ஒரு வாரத்துக்கும் மேல கட்டிப் போட்டபடியே கெடந்துச்சு. சோறு வெச்சா நான் உள்ள போன அப்புறம்தான் திங்கும். ஒரு நாள் மத்தியானம் கயிறைக் கடிச்சு அறுத்துகினு வெளிய போயிடுச்சு. அன்னிக்குன்னு பாத்து நாய் வண்டி வந்து தெருவுல நின்னுச்சு. ஓனரம்மா சொல்லி அனுப்பிச்சு வந்துச்சா, தானா வந்துச்சான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. வண்டிக்குள்ள ஏற்கெனவே நாலஞ்சு நாய் கெடந்துச்சுங்க. எங்க நாய் நடுத்தெருவுல நிக்குது. கையில சுருக்குக் கம்பியோட ஒருத்தன் அதுக்குப் பின்னால பூனை மாதிரி வந்துகினு இருக்கான். இன்னும் கொஞ்ச நேரத்துல சங்கு ஊதும்.

ஓடிப் போய்ப் புடிச்சா நாய் மெரண்டு அவன் பக்கமே ஓடும். நான் வாசல்லயே குனிஞ்சு கையை நீட்டி, "இந்தா, இந்தா"ன்னேன். கையில ஒண்ணுமில்லை. அது திரும்பிச்சு. என் மூஞ்சியைப் பாக்கலை. கையைப் பாத்துச்சு. அப்புறம் ஒரு அடி பின்னால வெச்சுச்சு, சுருக்கு இருந்த பக்கமா. என் வாசல்லயே நின்னு என் நாயை நானே வண்டில ஏத்தறேன்னு தோணுச்சு.

கடைசி ரூம் வாசல்ல அவரு சாப்பிட்டுகினு இருந்திருக்காரு. எழுந்திரிக்கக்கூட இல்லை. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட உப்பு கேக்கற மாதிரி, "இந்தா"ன்னாரு. நாய் கம்பிக்காரனைச் சுத்திகினு பாஞ்சு ஓடி, அவரு முன்னால போய்க் குந்துச்சு. தட்டுல இருந்த வறுத்த வவ்வா மீனை முழுசா அதுக்குன்னு ஒதுக்கி, ஒரு துண்டைப் பிச்சுக் குடுத்தாரு. அப்போதான் சங்கு ஊதுச்சு. சைக்கிள் எல்லாம் மணி அடிச்சுகினு வந்துச்சு. நாய் தலையைத் தூக்கிப் பாத்துச்சு. அவரு "குந்து"ன்னு சொல்லி முள்ளை நீக்கி நீக்கி மீதி மீனை ஊட்டிகினே இருந்தாரு. கடைசி சைக்கிள் போற வரைக்கும் அது எழுந்திரிக்கலை.

"வூட்டு நாயா?"ன்னு கம்பிக்காரன் கேட்டான்.

"அந்தம்மா நாய்"னு என்னைக் காட்டினாரு.

ஓனரம்மா இதெல்லாம் மாடியில இருந்து பாத்துகினு இருந்திருக்கு. "வுட்டுட்டுப் போப்பா, அதான் குந்திகினு கீதே"ன்னு சொல்லுச்சு. வண்டி கெளம்பிப் போச்சு. நான் அவரு வாசல்ல போய் நின்னேன். மன்னிப்புன்னு கேக்க வாய் வரலை. "இன்னாத்துக்கு இவ்ளோ செஞ்சீங்க? சும்மான்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னு கேட்டேன். அப்பவும் என் புத்தி அப்படித்தான் இருந்துச்சு.

"கப்பல்ல நாப்பது பேருக்கு ஆக்கிப் போட்டவன் நா. இங்க நா ஆக்கறதைத் திங்க ஒரு வாய் இல்ல. வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி"ன்னாரு.

உங்க ஈரலை மொதல்ல தின்னது நாய் இல்லை, நான்தான்னு சொன்னேன். விஷம் இருக்குதான்னு பாக்கத் தின்னேன்னும் சொல்லிட்டேன். அவரு ரொம்ப நேரம் சிரிச்சாரு. "உப்பு பத்தலைன்னு சொல்லி இருப்பியே"ன்னாரு. அதுக்கப்புறம் எங்க வூட்டுக்காரரும் நானும் எத்தனையோ நாள் அவரு சமையல்தான் சாப்பிட்டோம். வூட்டுக்காரரை நான் 'யோவ்'னு கூப்பிட ஆரம்பிச்சேன். அவருக்கு அது பிடிக்கலை, ஆனா பழகிட்டாரு.

மறுநாள்லேருந்து நானும் ஈரல் வேகவெச்சேன், உப்பு போடாம. வெறுங்கையோட ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அது கிட்ட வர்றதுக்கே பத்து நாளுக்கு மேல ஆச்சு. அப்புறம் தினமும் வந்துச்சு, வாங்கித் தின்னுச்சு, வாலாட்டுச்சு. ஆனா அவரு கூப்பிட்டா அவரு மூஞ்சியைப் பாத்துகினே ஓடும். நான் கூப்பிட்டா தள்ளி நின்னு என் கையைப் பாத்துட்டுத்தான் வரும்.

அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் எங்க கூட இருந்துச்சு. கடைசியில தண்ணிகூட எறங்காம வாசப்படி பக்கத்துல சாக்கு மேல படுத்துக் கெடந்துச்சு. குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லை, குடுத்தாலும் அதால திங்க முடியாது. சும்மா தலையைத் தடவலாம்னு கையை நீட்டினேன். அது கண்ணைத் தெறந்து, என் கையைத்தான் பாத்துச்சு.