சைக்கிளுக்கு இரண்டு பெட்டி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு அளவு என்றால் உயிர். ஒரு ஸ்க்ரூ மாட்டுவதற்குக்கூட மூன்று தரம் டேப் பிடிப்பார். "என்னைக் கட்டிக்கும்போதும் டேப் வச்சுத்தான் பாத்திருப்பாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுச் சில வருஷம் ஆகிறது. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று. தினமும் நாலு வேளை, பழைய தண்ணீரை அதன் வழியே வடித்துவிட்டு, பையில் வரும் மருந்துத் தண்ணீரைப் புதிதாக ஏற்ற வேண்டும். அது உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஆக, எங்கே போனாலும் அடுத்த வேளைக்குள் அடித்துப் பிடித்து வீடு திரும்ப வேண்டும். கட்டிப்போட்ட மாதிரிதான் பிழைப்பு.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வர வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை விட்டுத் தங்கையால் நகர முடியாது. இவளுக்கோ பஸ்ஸோ காரோ, கதவைச் சாத்தின மாத்திரத்தில் குடலைப் புரட்டும். காற்றாட உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது.

மெக்கானிக் பழைய மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. மேட்டில் மோட்டார் தள்ளிக்கொடுக்கும். பின்னால் நீளமான கேரியர். அதன் மேல் மனைவிக்கு மெத்தை சீட்டு, இரண்டு பக்கமும் மருந்துப் பைகளுக்குப் பெட்டி என்று திட்டம். கடையில் விற்கிற சைக்கிள் பைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மழையில நனையும். சூடு நிக்காது. நானே செஞ்சுக்கறேன்" என்றார்.

செய்தாரே ஐயா, அப்படிச் செய்தார். கழித்துப் போட்ட ஃப்ரிட்ஜின் வெள்ளைத் தகட்டை வெட்டி வளைத்து, உள்ளே தெர்மோகோல் பதித்தார். பின்பக்கம் சின்னக் கதவு, சுற்றிலும் ஃப்ரிட்ஜ் கதவின் காந்த ரப்பர். சாத்தினால் சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் கனம் கூடினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்குமே என்று பைகளைத் தராசில் வைத்துப் பாதியாகப் பிரித்தார். பெடல் மிதிக்கையில் தன் குதிகால் இடிக்காதபடி பெட்டிகளின் முன்மூலையைச் சரிவாக வெட்டினார். காலையில் வைத்த பை சாயங்காலம் வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாளைக்கு வருகிறோம் என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆயிற்று. மறுநாள் மனைவி தலைவாரி, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் காலை எங்க வைக்கிறது?"

மெக்கானிக்கின் முகம் செத்துவிட்டது. சீட்டுக்கு இரண்டு பக்கமும் பெட்டிகள் மதில் மாதிரி நின்றன. மருந்துப் பையை அளந்தார், பாதையின் மேட்டை அளந்தார், தன் குதிகாலைக்கூட அளந்தார். அவளை அளக்க மறந்துவிட்டார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா!

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேப் வச்சுக் கட்டிக்கிட்டவருன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேனே. சரி, விடுங்க. காலை மடிச்சுப் பெட்டி மேல வச்சுக்கறேன். கிளம்புங்க."

"மலைப் பாதையில அப்படி உக்கார முடியாதும்மா. விழுந்துடுவே. கொஞ்ச நாள் பொறு, பக்காவா பண்ணிடறேன்."

"இப்பவே போனா என்ன?"

அதற்குள் அவர் டேப்பை எடுத்து, படியில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வீங்கின காலுக்கா அளவெடுக்கறீங்க? நாளைக்கே வத்திப்போயிடுமே."

"வீக்கத்தோட சேத்துத்தான்" என்றார் அவர்.

கொஞ்ச நாள் என்றது வாரக்கணக்காக இழுத்தது. பெட்டியின் மேல் கால் அடங்கப் பள்ளம் வெட்டினால் உள்ளே பை நுழையவில்லை. பை நுழைய வேண்டுமென்று பெட்டியைப் பின்னுக்கு நீட்டினால் பாரம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கியது. ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். "எனக்கு இது போதுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, பள்ளத்தின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். அவள் காலைத் தகடு கீறிவிடக் கூடாதாம்.

ஓரத்துக்கு ரப்பர் ஒட்டிக் காயவைத்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வடிந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. வயிற்றில் கிருமி தொற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"பெட்டி முடிஞ்சுதா?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா."

"கால் வைக்க எடம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சரி" என்றாள். அங்கேயே இறந்துபோனாள். தங்கையால் கடைசியாக முகம் பார்க்கவும் வர முடியவில்லை.

அக்காவின் துணிமணி ஏதாவது வேண்டும் என்று தங்கை பிறகு போனில் கேட்டாள். மெக்கானிக் மனைவியின் உடுப்புகளைத் தராசில் பாதியாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் அடுக்கிக்கொண்டு மலை ஏறினார். வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பெட்டி கடகடக்கவில்லை. அத்தனையும் அவர் நினைத்த மாதிரியே வேலை செய்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் பெட்டியைத் திறந்து கொடுத்த துணிகளை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். அழுகை அடங்கிய பிறகு பெட்டியின் மேல் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன அத்தான், ரெண்டு பக்கமும் பள்ளம்?"

"உங்க அக்கா கால் வைக்க."

"காலை மடிச்சுக்கிட்டாவது வந்துடறேன்னு சொன்னேன், அவரு விடமாட்டேங்கறாருன்னு அக்கா போன்ல சொன்னா. எனக்காக எப்படிப் பாடுபடறாரு தெரியுமான்னு ஒரே பெருமை."

தங்கை கேரியர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். பாதத்தைச் சுற்றி நிறைய இடம் மிச்சம் இருந்தது.

"எனக்கும் அக்காவுக்கும் ஒரே செருப்புதானே அத்தான் சேரும். இது பெரிசா இருக்கே?"

"வீக்கத்தோட சேத்து அளந்தேம்மா" என்றார் மெக்கானிக். பிறகு தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.