சார்ஜ் ஏறாத நீல வேன்

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் எங்கள் வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போனார். போகும்போது தன் பழைய வேனை எனக்கு விற்றார். அப்போது அதற்கு வயது இருபத்திரண்டு. கதவு மூன்று, இருக்கை எட்டு, வேலை செய்யும் வைப்பர் ஒன்று. நான் பெரகலவுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன்.

அந்த வேனில் நான் போயே ஆக வேண்டியிருந்த பயணம் ஒன்றுதான். அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அக்கா, மச்சான், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக நான்கு பேரையும் அப்புத்தளையில் காலை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அந்த ரயிலை விட்டால் தலைமன்னாரில் இந்தியாவுக்குப் போகும் கப்பலை விட்டுவிடுவார்கள். மற்றக் குடும்பங்களெல்லாம் தோட்டத்துக் கொழுந்து லொறியில் போயின. அக்கா கொழுந்து பறித்த சம்பளத்தில்தான் நான் ஒன்பது வருடம் படித்தேன். அவள் லொறியில் போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

புறப்பட முப்பத்தொரு நாள் இருந்தபோது வேனுக்குப் பெயின்ட் அடித்தேன். பள்ளிக் கதவுகளுக்கு வாங்கியதில் மிஞ்சிய நீலம். வெளிப்புறம் இரண்டு தடவை பூசியும் டின்னில் கால்பங்கு இருந்தது. காயவிடுவது வீண் என்று பொனட்டைத் திறந்து உள்ளேயும் அடித்தேன். இடைஞ்சலாக இருந்த ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலும் ஒழுங்காகப் பூசினேன். திரும்பப் பூட்டும்போது புதுப் பெயின்டில் கீறல் விழாதபடி சைக்கிள் டியூபில் நான்கு வட்டம் வெட்டி, இரண்டு திருகாணிக்கும் மேலும் கீழும் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாளே மீற்றருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகவில்லை என்று அர்த்தம்.

துரை வேனோடு தந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாகச் சோதித்தேன். பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினேன். அரை அங்குலம் இறங்கியது, அது சரி. பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்து தண்ணீர் பார்த்தேன், சரி. வயர் முனைகள் பதினான்கையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பதுளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளிக்கு என்னை நன்றாகத் தெரியும். வேனில் போனால் பேட்டரி இறங்கும் என்று பஸ்ஸில் போனேன். பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுப்பதற்காக மடியில் வைத்துக்கொண்டு போனேன். அமிலம் கசிந்து வேட்டியில் மூன்று ஓட்டை விழுந்தது.

"கடைசியா வண்டியில என்னா வேல செஞ்சீங்க மாஸ்டர்?" என்று முதலாளி கேட்டார்.

"ஒண்டும் செய்யல்ல முதலாளி" என்றேன். பெயின்ட் அடிப்பது பழுதுபார்ப்பதில் சேராது என்பது என் கணக்கு.

டைனமோவுக்குள் உரசும் கார்பன் கட்டை இரண்டு தந்தார். போட்டேன். பயன் இல்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன்.

"வாங்க வாங்க. இன்னைக்கு எதக் கழட்டப் போறோம்?"

டைனமோவைச் சோதிக்கும் வழியை அவர்தான் சொல்லித் தந்தார். அதன் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்து, அங்கிருந்து ஒரு ஹெட்லைட் பல்பை வேனின் இரும்பு உடம்புக்குக் கொடுக்க வேண்டும். அக்கா பல்பைப் பிடித்துக்கொண்டாள், நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"எரியுதா?"

"கண்ணு கூசுது தம்பி. நிப்பாட்டு."

ஆகவே டைனமோவில் கோளாறு இல்லை. மிஞ்சியது, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் பெட்டி. முதலாளியிடம் பழைய பெட்டி ஒன்று வாங்கி வந்து, அதே இடத்தில், அதே ரப்பர் வட்டங்களை வைத்துப் பூட்டினேன். சிவப்பு விளக்கு முன்போலவே எரிந்தது. அப்போது புறப்பாட்டுக்கு ஆறு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பழுது பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தேன். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியில் ஒன்பது முறை ஸ்டார்ட் செய்யலாம். ஹெட்லைட் அரைமணி நேரம் எரிந்தால் நான்கு முறை குறையும். வீட்டில் வேனைச் சரிவில் நிறுத்தி உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வேன். சமதரையில் தள்ளுவதற்கு நான்கு பேர் வேண்டும். இதையெல்லாம் ஒரு அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

"லொறி போகுது தானே" என்றார் மச்சான்.

"லொறிக்கும் டைனமோ இருக்கு மச்சான். அதுவும் பழுதாகலாம்" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "நம்ம வேன்லயே போவோம்" என்றாள் அக்கா.

புறப்பட்ட அன்று விடியற்காலை மூடுபனி இறங்கியிருந்தது. லைட் இல்லாமல் ஓட்ட முடியாது. ஆட்கள் நான்கு, பெட்டிகள் ஏழு. பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளை வரை எத்தனை வளைவு என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வளைவிலும் லைட் கொஞ்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. வைப்பர் போட்டால் இன்னும் இறங்கும் என்று போடவில்லை. அக்கா முன்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ரயிலுக்கு இருபத்தாறு நிமிடம் இருந்தபோது ஸ்டேஷன் முற்றத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியனுப்ப எங்கள் தோட்டத்து ஆட்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றிருந்தார்கள். எண்ணினேன், பதினேழு பேர். அவர்களே பெட்டிகளை இறக்கி உள்ளே கொண்டு போனார்கள். நான் ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா திரும்பி வந்தாள்.

"எறங்கி வா தம்பி. ரயில் வரப் போகுது."

"இஞ்சின நிப்பாட்ட ஏலாதுக்கா. நிப்பாட்டினா திரும்ப எடுக்காது."

"கொஞ்ச நேரம் தானே."

"நிப்பாட்டாம எறங்கினாலும் தானா நிண்டு போகும். கால எடுக்க ஏலாது."

அவள் சிவப்பு விளக்கை எட்டிப் பார்த்தாள். "இது இன்னும் எரியுதா?"

"எரியுது."

"சரி. பாத்துப் போ" என்றாள். பிறகு கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். இந்த முறை உள்பக்கமும் துடைத்தாள். மூடுபனியில் மணிச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் வந்து நின்றது தெரிந்தது. ரயில் பெட்டிகளை எண்ணினேன், ஏழு. அவள் எதில் ஏறினாள் என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் ரயில் போனது. நான் இஞ்சினை நிறுத்தாமல் வீடு வந்து, சரிவில் நிறுத்தினேன். பள்ளிக்குப் பதினொரு நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, இனிப் பேட்டரி செத்தாலும் பரவாயில்லை என்று முதல் தடவையாக வேனிலேயே பதுளைக்குப் போனேன். முதலாளி பொனட்டைத் திறந்தார். பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது என்னா மாஸ்டர், ரப்பர்?"

"பெயின்ட் கீறாம இருக்க."

"பெயின்ட் எப்ப அடிச்சீங்க?"

சொன்னேன். அவர் விஷயத்தை விளக்கினார். அந்தப் பெட்டிக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. வேனின் இரும்பில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். நான் நான்கு ரப்பரையும் ஒரு பூச்சுப் பெயின்டையும் வைத்து அதைப் பிரித்திருந்தேன். அவர் ரப்பர் வட்டங்களை எடுத்து என் கையில் தந்தார். திருகாணி வரும் இடத்தில் பேனாக்கத்தியால் பெயின்டைச் சுரண்டிப் பெட்டியைப் பூட்டினார். ஸ்டார்ட் செய்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லாமாக ஆறு நிமிடம்.

"அக்கா போய்ட்டாங்களா?" என்று கேட்டார்.

"போய்ட்டாங்க."

தான் விற்ற கார்பனையும் பழைய பெட்டியையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

அன்றிரவே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். பழுது என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், அன்று ஸ்டேஷனில் நான் ஏன் இறங்கி வர முடியவில்லை என்றெல்லாம் விளக்கி நான்கு பக்கம். பொனட்டின் உள்பக்கத்தைப் படமாகவும் வரைந்து காட்டினேன்.

எழுபத்தெட்டு நாள் கழித்துத் திருச்சிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அக்கா சொல்லச் சொல்லப் பெரிய பிள்ளை எழுதியிருந்தான். எல்லாரும் சுகம். அரசாங்கம் வீடு இன்னும் தரவில்லை. வெயில் தாங்க முடியவில்லை. கடைசியில் வேனைப் பற்றி ஒரே ஒரு வரி.

"அன்னைக்கு அங்க நம்ம ஆளுங்க பதினேழு பேரு நின்னாங்களே தம்பி, தள்ளிவிட்டிருக்க மாட்டாங்களா?"

நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சமதரையில் நான்கு பேர் என்று என் கையெழுத்தில்தான் இருந்தது.