போர்ட் பிளேயர் வரை வந்த பின்வாசல் சாவி

2006 ஜனவரி, புதன்கிழமை காலை. சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் எங்கள் மேனேஜர் பழனிச்சாமி சட்டைப் பையிலிருந்ததையெல்லாம் தட்டில் கொட்டினார். சில்லறை, திருநீற்றுப் பொட்டலம், ஒரு சாவிக்கொத்து. கொத்தில் இருந்த நீளச் சாவியில் பனியன் கழுத்துக்கு வைக்கும் சிவப்பு ரிப் துணி கட்டியிருந்தது. அதைக் கட்டியவள் நான். பின்வாசல் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். போன மாதம் அது காணாமல் போனபோது வாட்ச்மேனிடம் இருப்பதாகச் சொன்னார்கள்.

"சார், இது நம்ம பின்வாசல் சாவிங்களா?"

"ஆமாங்க அம்மிணி. யாருகிட்டக் குடுத்தாலும் தச்ச பீஸ் அந்த வழியாத் திருட்டுப் போயிருதுங்க."

"வேற சாவி?"

"இல்லீங்க. அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

திருப்பூரில் பல்லடம் சாலையில் இருக்கும் பனியன் கம்பெனி எங்களுடையது. பெரிய ஆர்டர் ஒன்று முடிந்ததற்காக முதலாளி எங்கள் பத்துப் பேரை அந்தமானுக்கு அனுப்பியிருந்தார். அடுத்த ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு பேர், பெரும்பாலும் பெண்கள், முதல் மாடியில் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொழிற்பொறியியல் படித்தவள். கம்பெனியில் பாதுகாப்பு என் பொறுப்பு. முன்படி ஒன்று, பின்படி ஒன்று என்று வரைபடத்தில் காட்டிக் கையெழுத்திட்டிருக்கிறேன். முன்படியின் அடியில் மின்பலகை. அதனருகே வெட்டுத்துணி மூட்டைகள். அங்கே தீப்பிடித்தால் மிச்சமிருப்பது பின்வாசல் வழியாக இறங்கும் பின்படி மட்டும்தான்.

பூட்டை அறுக்கச் சொல்லலாம் என்றேன். "நாலு நாள்ல என்னங்க ஆயிரப்போகுது" என்றார். மேனேஜர் சொல்லாமல் அங்கே யாரும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டார்கள்.

இரண்டு மணி நேர விமானப் பயணம். கடல் மிக அழகாக இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள். போர்ட் பிளேயரில் எங்கள் கைப்பேசி எதிலும் சிக்னல் இல்லை. மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.

வியாழன் காலை செல்லுலார் சிறைக்குப் போனோம். வேன் ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரர். ஊரில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறார்கள். "வாசல்லயே நிக்கிறேன். முன்னெல்லாம் இங்க எறக்கிவிட்டா திரும்ப ஏத்துற வேலையே கெடையாது" என்று சிரித்தார்.

நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு கட்டடங்கள் நீண்டிருந்தன. இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கிறது, கைதி கைதியைப் பார்த்துவிடக் கூடாதென்று. முற்றத்தில் செக்கு. ஓர் ஆள் நாளுக்கு முப்பது பவுண்டு எண்ணெய் ஆட்ட வேண்டும். குறைந்தால் அடி. கசையடிச் சட்டகத்தில் மனித உருவப் பொம்மையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் எங்கள் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அறைகளுக்கு வந்ததும் பேச்சு திரும்பியது. ஒவ்வொன்றும் ஒருவர் படுத்து எழும் அளவு; கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சாளரம். கம்பிக் கதவின் தாழ்ப்பாள் வெகுதூரம் நீண்டு சுவருக்குள் வெட்டிய குழியில் போய் விழுகிறது. உள்ளேயிருந்து எந்தக் கையும் அதைத் தொட முடியாது. தாழ்ப்பாளின் நீளத்தை நான் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் போட்டோவுக்காக அடுத்த அறைக்குள் போய் நின்றார். கட்டிங் மாஸ்டர் ஸ்டீபன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு டார்கெட்டு முப்பது பவுண்டு. முடிச்சாத்தான் வெளிய விடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரும்தான். போட்டோ எடுத்தாயிற்று. ஸ்டீபன் தாழ்ப்பாளை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"உப்புக்காத்துல துரு ஏறிருக்கு போல. பிடிச்சிக்கிட்டு."

"வெளையாடாதீங்க ஸ்டீபன்."

"சத்தியமா வரல அண்ணாச்சி."

ஒருவர் காவலரைத் தேடி ஓடினார். மேனேஜர் கம்பிகளுக்கிடையே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் துழாவினார். தோள்வரை வெளியே வந்த கைக்கும் குழிக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் இருந்தது. கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாளரத்தைப் பார்த்தார். அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது.

"அம்மிணி, நீங்க இங்கயே நில்லுங்க. போயிராதீங்க."

"நிக்கறேன் சார்."

காவலர் எண்ணெயும் சுத்தியலும் கொண்டுவந்து தட்டினார். இந்தியில் ஸ்டீபனைத் திட்டினார். கதவு திறந்தது. மேனேஜர் யாரையும் பார்க்காமல் வராந்தாவைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, நேராக வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மெக்கானிக் முருகேசனுக்குப் போடுங்க. நம்பர் எனக்கு ஞாபகமில்லீங்க."

மணி அடித்தது. எடுத்ததும் கொடுத்தேன்.

"முருகேசா, பின்வாசல் பூட்டை அறுத்துரு. இப்பவே. மொதலாளி கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லு."

மறுமுனையில் முருகேசனின் குரல் ஏதோ சொன்னது. மேனேஜரின் முகம் மாறியது. "கதவுக்கு முன்னால துணி ரோல் அடுக்கியிருக்காங்களாம்" என்று என்னிடம் ரிசீவரைத் தந்தார். அது எனக்கும் தெரியாது.

இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று முருகேசனிடம் சொன்னேன். தையல் மெஷின்களின் இரைச்சல், ரோல்களை உருட்டும் சத்தம், பிறகு இரும்பை அறுக்கும் சத்தம். பூத்துக்காரர் எங்களையே பார்த்தார். மேனேஜர் கண்ணாடிக் கதவைக் காலால் அகலத் திறந்து பிடித்திருந்தார். அறுக்கும் சத்தம் நின்றது. ஏதோ கிறீச்சிட்டது. பல்லடம் சாலையின் லாரி ஹாரன் ஒன்று அத்தனை கடலையும் தாண்டி என் காதில் அடித்தது. அருகில் யாரோ ஒரு பெண் சொன்னாள்: "ஏக்கா, காத்து வருது பாரு."

மீதி இரண்டு நாட்கள் கடற்கரைகளில் கழிந்தன. கடல் உண்மையிலேயே அழகுதான். திரும்பும்போது விமான நிலையத் தட்டில் அதே சாவி விழுந்தது, சிவப்புத் துணியோடு. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

திங்கட்கிழமை என் மேஜைக்குப் போகும் முன் பின்வாசலுக்குப் போனேன். பூட்டு இல்லை. ரோல்களும் இல்லை. அறுபட்ட பூட்டு தொங்கிய கொண்டி மட்டும் நான்கு திருகாணிகளோடு கதவில் இருந்தது, அடுத்த பூட்டுக்கு இடம்விட்டு. முருகேசனைக் கூப்பிட்டு ஸ்குரூ டிரைவர் கேட்டேன்.